எண்ணெய் உறவு

கௌரியானா மலை, கிரீட்
14 மார்ச் 1943

அன்புள்ள அர்கிரோ அக்காவுக்கு,

உன் தம்பி சிஃபிஸ் உயிரோடு இருக்கிறேன். பேன் தொல்லையைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மனூசோஸ் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் முதுகுவலி தேவலையா?

கடிதமே எழுதக் கூடாது என்பதுதான் எகிப்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆனால், "எழுதலேன்னா நானே மலை ஏறி வந்து காதைத் திருகுவேன்" என்று பாதிரியார் நிக்கீத்தாஸிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நீ செய்யக்கூடியவள். அதனால் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அக்கா, நான் ஒரு ரகசிய உளவாளி. நீர்மூழ்கியில் வந்து இறங்கும்போது என் பையில் கொஸ்தாஸ் என்ற எண்ணெய் வியாபாரியின் அடையாளச் சீட்டு இருந்தது. மலைக்கு வந்து சேர்ந்த மறுநாளே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் கையை வாயில் குவித்து, "ஏ ரகசியக்காரரே! நத்தை வேக வெச்சிருக்கேன், சூடு ஆறுறதுக்குள்ள வாங்க!" என்று கூப்பிடுகிறாள். கீழே ரோந்து போகிற ஜெர்மன்காரனுக்கும் பசித்திருக்கும். என் ரேடியோவின் ஏரியல் கம்பியில், இங்கே போராளிகளின் தலைவரான கப்பித்தான் ரூசோஸின் மனைவி துணி உலர்த்துகிறாள். கெய்ரோவோடு பேச உட்கார்ந்தால், கப்பித்தானின் உள்ளாடை வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. சொன்னால், "சும்மா கெடக்குற கம்பிதானே" என்கிறாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய?

காரியத்துக்கு வருகிறேன். இந்த மலைக் குகையில் நியூசிலாந்துச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர் இரண்டு வருடமாக ஒளிந்திருக்கிறார்கள். சிலருக்குக் காயம். அவர்களைக் கொண்டுபோக ஜூனில் எகிப்திலிருந்து படகு வரும். படகு நிற்கக்கூடிய ஒரே இடம் உங்கள் மெலிசோ கடற்கரை. அங்கே இறங்குகிற பாதையைக் காவல் காப்பவர்கள் அத்தானும் அவருடைய ஆட்களும். கப்பித்தானின் மேலூர்ப் போராளி ஒருவன் அந்தப் பாதையில் கால் வைத்தால் சுடுவேன் என்று அத்தான் சத்தியம் செய்திருக்கிறாராம். நீங்கள் எல்லோரும் ஒரே எதிரியோடுதானே சண்டை போடுகிறீர்கள்? தயவுசெய்து அத்தானிடம் பேசு.

இன்னொன்று. ஈஸ்டர் முடிந்ததும் தன் குழந்தைக்கு நான் ஞானத் தகப்பனாக நிற்க வேண்டும் என்று கப்பித்தான் ரூசோஸ் கேட்கிறார். அந்த உறவு வந்துவிட்டால் என் பேச்சை அவரால் தட்ட முடியாது அல்லவா? நல்ல யோசனைதானே?

தெய்வமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

தம்பி,
சிஃபிஸ்


மெலிசோ
10 ஏப்ரல் 1943

டேய் சிஃபிஸ்,

நான் இருக்கிறேன். அத்தானும் இருக்கிறார். முதுகுவலியும் இருக்கிறது. கடிதத்தை அடுப்பில் போட்டேன். விறகு ஈரம், எரியவில்லை. இரண்டாம் தடவை எரிந்தது.

அத்தானிடம் பேசினேன். "உன் தம்பிக்கு அறிவு இருக்கா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மிரோனைச் சுட்டபோது நீ பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அது காதில் விழுந்த ஒரு சேதி. எனக்கு அப்படியில்லை. ஒரு கிடா ஆட்டின் கழுத்து மணியை யார் அறுத்தது என்று ஆரம்பித்த சண்டை. இங்கிருந்து இரண்டு வார்த்தை, அங்கிருந்து இரண்டு வார்த்தை, கடைசியில் அந்த ரூசோஸ் துப்பாக்கியைத் தூக்கினான். அத்தானின் ஒரே தம்பியை நானும் மாமியாரும்தான் குளிப்பாட்டினோம். கிடாவுக்காக ஒரு மனுஷன். அத்தான் இன்றைக்கும் கோவிலில் மிரோன் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டுத் தள்ளி நிற்கிறார். நீ அவரிடம் போய்ப் பாதை கேட்கச் சொல்கிறாய்.

அப்புறம், நன்றாகக் கேட்டுக்கொள். யார் பிள்ளைக்கும் நீ ஞானத் தகப்பனாக நிற்கக் கூடாது. அந்த ஞானஸ்நான எண்ணெயில் கை வைக்காதே. ஏன் என்று கேட்காதே, அக்கா சொல்கிறேன், அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கப்பித்தான் வீட்டில் காயப்போடக் கொடுக்காதே.

அக்கா


கௌரியானா மலை
6 மே 1943

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்தவரின் ஆசி உங்கள் இருவருக்கும் உண்டாகட்டும். நான் சுகம். காலுறை கதகதப்பாக இருக்கிறது.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வழியில் ஜெர்மன்காரர்கள் சோதனை போட்டதால் பாதிரியார் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, வைத்ததை மறந்தும் போய்விட்டார். அதற்குள் ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. குழந்தையை எண்ணெய் பூசி என் கையில் கொடுத்தார்கள். வழுக்கிக்கொண்டு கிட்டத்தட்ட கெய்ரோவுக்கே போய்விடப் பார்த்தது. எர்கீனா என்று பேர் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், நூறு துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ரகசியத்துக்கு இந்த மலையில் கொடுக்கிற மரியாதை அது.

ஆனால் பலன் உண்டு. கப்பித்தான் இப்போது என்னை "சிந்தெக்னே" என்றுதான் கூப்பிடுகிறார். பிள்ளைக்கு எண்ணெய் தடவியவனை, அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் அப்படித்தானே கூப்பிட வேண்டும்! உங்கள் கீழூரோடு சமாதானத்துக்குத் தயார் என்கிறார். இனி அத்தான் மனம் வைத்தால் போதும்.

ஒரு உதவி. ரேடியோ பேட்டரி உங்கள் ஊர் மாவு மில்லில் சார்ஜ் ஆகிறது. ஆண்கள் தூக்கிவந்தால் சோதனைச் சாவடியில் மாட்டுவார்கள். நீ கீரை பறிக்கப் போகிற மாதிரி கூடையில் வைத்துக் கொண்டுவா. சின்ன வயதில் நீ இந்த மலையில் ஆடு மாதிரி ஏறுவாய்.

அன்புடன்,
சிஃபிஸ்


மெலிசோ
15 மே 1943

சிஃபிஸ்,

எண்ணெய்க் கையோடு பெண் குழந்தையையா தொட்டாய்? போயும் போயும் பெண் குழந்தையை!

நீ படித்தவன். ரேடியோவில் கெய்ரோவோடு பேசுகிறாய். உன் தலையில் இருப்பது களிமண்.

நான் மலை ஏறி வர மாட்டேன். கால் வீங்கியிருக்கிறது. பேட்டரியைக் கழுதையின் தீவனப் பைக்குள் வைத்துப் பாதிரியாரிடம் கொடுத்தாயிற்று. வெயிலில் அலையாதே.

அர்கிரோ


கௌரியானா மலை
27 ஜூன் 1943

அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கிற மனநிலை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

படகு வந்தது. வந்த மாதிரியே போய்விட்டது. நாங்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கின் வாய் வரை வந்தோம். பாதையில் அத்தானின் ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

"வெள்ளைக்காரனுங்க வரட்டும். மேலூர்க்காரன் ஒருத்தன் வரக் கூடாது" என்றார்கள்.

"அவங்களைத் தூக்கிட்டு வர்றதே நாங்கதானே, எப்படிப் பிரிக்கிறது?" என்றேன்.

"கீழ வைங்க. மிச்ச தூரம் நாங்க தூக்குறோம்."

"எங்க சாமானை அவனுங்க கையில குடுக்க மாட்டோம்!" என்று பின்னாலிருந்து கப்பித்தானின் ஆட்கள். சாமான் என்றது மனிதர்களை! காயம்பட்ட சிப்பாய் ஒருவன் தூக்குக் கட்டிலில் படுத்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். கிடா, மணி, மிரோன், ஆறு வருடக் கதை எல்லாவற்றையும் அங்கேயே மறுபடி ஆரம்பித்தார்கள். கடலில் இருந்து படகுக்காரன் விளக்கைக் காட்டினான், காட்டினான், நிறுத்திவிட்டான். அந்தச் சிப்பாய் திரும்பும் வழியில் இறந்துவிட்டான். அவன் அம்மாவுக்கு நான் என்ன எழுதட்டும்? ஆட்டுமணியால் செத்தான் என்றா?

நீ நினைத்திருந்தால் அத்தானைத் திருப்பியிருக்கலாம். ஒரு தடவை மலை ஏறி வந்திருந்தால் கப்பித்தானோடு உட்கார வைத்துப் பேசியிருப்பேன். கால் வீக்கமாம்!

இதற்கு மேல் எழுதினால் பாவத்தைத் தேடிக்கொள்வேன்.

சிஃபிஸ்


மெலிசோ
12 செப்டம்பர் 1943

தம்பிக்கு,

இரண்டரை மாதம் பதில் போடவில்லை. முதல் மாதம் கோபம். அடுத்த மாதம் எழுந்து நடமாடவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

நீயாகப் புரிந்துகொள்வாய் என்று பார்த்தேன். ஒரு பெண் கால் வீக்கம் என்கிறாள், மலை ஏற மாட்டேன் என்கிறாள். கழுதைக்குக் கூடப் புரிந்திருக்கும். எனக்கு இது ஏழாம் மாதம்.

வாயால் சொல்லப் பயம். இதற்கு முன் இரண்டு பிறந்தது உனக்குத் தெரியும். இரண்டும் பேர் வைப்பதற்கு முன்பே போயின. தண்ணீரும் எண்ணெயும் படாமல் போனதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கிடக்கின்றன. மூன்றாவது பிழைத்தால் என் சொந்தத் தம்பி கையால் எண்ணெய் தடவுவேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். நீ நீர்மூழ்கியில் வந்து இறங்கினாய் என்று கேள்விப்பட்டபோது, என் பிள்ளைக்காகத்தான் வந்தாய் என்று நினைத்தேன். சிரிக்காதே.

அதைப் போய்க் கெடுத்தாய். பெண் பிள்ளையைத் தொட்டவன் இனி பெண் பிள்ளைகளைத்தான் தொட வேண்டும் என்று தெரியாதா? ஒருவன் கையால் எண்ணெய் வாங்கிய பையனும் பெண்ணும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள், நாளைக்கு ஒருவரை ஒருவர் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் கை வைப்பவனை ஊரில் யாரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள். வயிற்றைப் பார்த்துப் பையன் என்கிறாள் மருத்துவச்சி. அவனைத் தொட அத்தான் உன்னை விட மாட்டார். இப்போது என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

செத்த சிப்பாய்க்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். அத்தானுக்கும் அது உறுத்துகிறது. ஆனால் சொல்ல மாட்டார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


கௌரியானா மலை
29 செப்டம்பர் 1943

என் அன்பு அக்காவுக்கு,

நான் கழுதை. கழுதைக்கும் கீழே. உன் கால், வயிறு, முதுகு எல்லாம் எப்படி இருக்கிறது? பேட்டரி தூக்கச் சொன்ன வாயை என்ன செய்வது? ஜூனில் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. முடியாதென்றால் நேரில் வந்து இரண்டு அறை கொடு.

இப்போது நான் சொல்வதைக் கடிதத்தைக் கிழிக்காமல் படி. உன் சேதியை நான் கப்பித்தானிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதுதான், சந்தோஷத்தில் வாயை மூட முடியவில்லை. கேட்டுவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். வெகுநேரம் கழித்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சிந்தெக்னே, அந்தப் புள்ளைய நான் தொடட்டுமா?"

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றேன்.

"ரத்தம் என் கையால போச்சு. எண்ணெயும் என் கையாலதான் போகணும். இதுக்கு வேற வழி யாருக்காவது தெரிஞ்சா சொல்லு. துப்பாக்கி இல்லாம தனியா வரேன். அவன் வாசல்ல வெச்சு என்னைச் சுட்டான்னா, அதுவும் ஒரு முடிவுதான்."

இந்த மனிதர் என் உயிரை வாங்குகிறவர். என் ரேடியோவை ஆட்டுத்தோலில் சுற்றி வைத்துத் துருப்பிடிக்க வைத்தவர். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, இடுப்புக் கத்தியைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

உளவாளியாக நான் இதைக் கேட்கவில்லை, தம்பியாகத்தான் கேட்கிறேன் என்று எழுத வந்தேன். அது பொய். இரண்டுமாகத்தான் கேட்கிறேன். நவம்பர் முதல் வாரம் இன்னொரு படகு வரும். இதுவும் வெறும் படகாகத் திரும்பினால் கெய்ரோ இனி இந்தப் பக்கம் படகே அனுப்பாது. குளிர் வந்தால் காயம்பட்டவர்கள் தாங்க மாட்டார்கள்.

உன் பிள்ளை, உன் வாசல். நீ வேண்டாம் என்றால் இன்னொரு தடவை இதைப் பற்றி எழுத மாட்டேன்.

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சிஃபிஸ்


மெலிசோ
25 அக்டோபர் 1943

தம்பி,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். நான் பிழைத்தேன். அவனும் இருக்கிறான்.

உன் கடிதம் வந்த அன்று, அத்தான் படித்துவிட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். இருந்த நல்ல தட்டே அது ஒன்றுதான். நானும் பதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். என் மைத்துனனைக் கொன்ற கை என் பிள்ளை மேல் படுவதா? அப்படித்தான் இருந்தேன், வலி வரும் வரை.

நாளுக்கு முந்திப் பிறந்தான். பையன். ஒரு கையில் அடங்குவான். உதடு நீலமாக இருந்தது. பாதிரியார் பார்த்துவிட்டு, "ஞானஸ்நானத்துக்கு நாற்பது நாள் எல்லாம் பாக்க வேணாம். இன்னிக்கே" என்றார். அத்தான் தன் ஆட்களில் யாரையாவது கூப்பிடப் போனார். நான்தான் சொன்னேன்.

"அந்த மனுஷனை வரச் சொல்லுங்க."

"அர்கிரோ, உனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்ல. ரெண்டு புள்ளைய சுவருக்கு வெளிய போட்டவ நான். இவனையாவது ஒரு காரியத்துக்காகத் தொடட்டும். நீங்க சுடுறதா இருந்தா, எண்ணெய் தடவின அப்புறம் சுடுங்க."

வந்தான். ரூசோஸிடம் துப்பாக்கி இல்லை, இடுப்பில் கத்தி கூட இல்லை. கூட யாருமில்லாமல் ஊர் நடுவே நடந்து வந்தான். எண்ணெய்ப் புட்டியைத் தானே கொண்டுவந்திருந்தான். அத்தான் கதவு நிலையில் சாய்ந்து நின்றார், வழி விடவில்லை. இவனும் தள்ளவில்லை, அப்படியே நின்றான். குழந்தை முனகியது. அத்தான் விலகினார்.

எண்ணெயை அளவு தெரியாமல் ஊற்றினான், பாதி தரையில். அவ்வளவு பெரிய ஆள், பிள்ளையின் விரலிடுக்கில் எல்லாம் மெதுவாகத் தடவினான். எனக்கு ஒரே பயம், பேர். ஞானத் தகப்பன் சொல்கிற பேர்தானே பேர்! தன் அப்பன் பேரை வைப்பான், பொலிக்ரோனிஸ், காலமெல்லாம் நான் அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"பேர் என்ன?" என்றார் பாதிரியார்.

"மிரோன்" என்றான்.

அத்தான் வெளியே போய்விட்டார். முற்றத்தில் ஏதோ உருண்டு உடையும் சத்தம். அதுவும் என் பானைதான். திரும்பி வந்தபோது கையில் ரக்கிச் சாராயப் புட்டியும் இரண்டு தம்ளரும் இருந்தன. ஊற்றி நீட்டினார்.

"குடி, சிந்தெக்னே."

நான் அழுதேன், பாதிரியார் அழுதார். அந்த இரண்டு பேரும் அழவில்லை. இரண்டாவது தம்ளரில், "ஆனா அந்தக் கிடா எங்களோடதுதான்" என்று ஆரம்பித்தார் அத்தான். "மணி யாரோடது, அதைச் சொல்லு" என்றான் அவன். வெளியே போய்ச் சண்டை போடுங்கள், பிள்ளை தூங்கட்டும் என்று துரத்திவிட்டேன்.

பாதை திறந்துவிட்டது. உன் படகை வரச் சொல்.

அக்கா


கௌரியானா மலை
2 நவம்பர் 1943

அருமை அக்காவுக்கு,

என் மருமகன் மிரோனுக்கு ஆயிரம் முத்தம். பால் குடிக்கிறானா? உதட்டில் நிறம் வந்ததா? நீ கஞ்சியாவது வேளைக்குக் குடிக்கிறாயா?

சிப்பாய்களைக் கடற்கரைக் குகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். அத்தானும் கப்பித்தானும் அங்கேயே இருக்கிறார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது. நாளை வரலாம், இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகலாம். பாதையில் ஒரு ஆள் குறைந்தாலும் கெட்டது. காயம்பட்டவர்களைத் தூக்க இரண்டு ஊர் ஆட்களும் வேண்டும். நானும் நாளைக்குக் கீழே இறங்குகிறேன். ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு, இல்லையென்றால் பிள்ளையைப் பார்க்க ஓடி வந்திருப்பேன்.

உங்கள் ஊர்ப் பெண்களைக் கொஞ்சம் அடக்கி வை. படகு வருகிறது என்று பலகாரம் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிடப் போகிறார்கள். பாட்டு, கூச்சல், கோவில் மணி, எதுவும் வேண்டாம். மேட்டில் ஜெர்மன் காவல் இருக்கிறது.

சிஃபிஸ்


மெலிசோ
5 நவம்பர் 1943

தம்பிக்கு,

இங்கே எல்லாம் அமைதி. குழந்தை தூங்குகிறான்.

பெண்களிடம் சொல்லிவிட்டேன், யாரும் சத்தம் போட மாட்டார்கள். அத்தானுக்கு ரஸ்க்கும் பாலாடைக்கட்டியும் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன். படகு வந்து போகும் வரை கரையை விட்டு நகர வேண்டாம் என்று அவரிடம் சொல். யாரையும் ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

அர்கிரோ


கௌரியானா மலை
14 நவம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டார்கள்! எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்று ரேடியோவில் சொன்னார்கள். நீ எப்படி இருக்கிறாய்? என் மருமகன் எப்படி இருக்கிறான்?

நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு தூக்குக் கட்டிலின் தலைப்பக்கம் அத்தான், கால்பக்கம் கப்பித்தான். இடுப்பளவு தண்ணீரில், "நீ சாய்க்கிற", "நீதான் சாய்க்கிற" என்று கடைசி வரை திட்டிக்கொண்டே தூக்கினார்கள். படகுக்காகக் காத்திருந்த நாட்களில் இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். ஐந்தாம் தேதி என்று நினைக்கிறேன், கப்பித்தான் தன் மாமியார் கதை ஒன்றைச் சொல்ல, அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. சத்தம் போடாதீர்கள் என்று நான் இரண்டு பேர் வாயையும் பொத்த வேண்டியதாயிற்று.

படகுக்காரர்களிடம் கெஞ்சி, பிள்ளைக்காகப் பால் டப்பாக்கள் வாங்கினேன். கெட்டிப் பால், வெந்நீரில் கரைத்துக் கொடு. துப்பாக்கிப் பெட்டிகளோடு நேரே மலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் பாதிரியாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் அதை வாங்கும்போது முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. கனம் என்று நினைத்திருப்பார்.

போன கடிதத்தில் நீ என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா?

சிஃபிஸ்


மெலிசோ
3 டிசம்பர் 1943

என் தம்பிக்கு,

பால் டப்பாக்கள் வந்தன.

குழந்தை தூங்குகிறான் என்று எழுதியபோது அவன் என் மடியில்தான் இருந்தான். அன்று விடியும்போது போய்விட்டான். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

நான் கத்தியிருந்தால் ஊர் கத்தியிருக்கும். மணி அடித்திருக்கும். கரையில் இருந்த ஒவ்வொருவனும் பாதையை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பான். "கொன்னவன் கை பட்டுச்சு, அதான்" என்று யாராவது ஒருவன் அத்தானின் காதில் போட்டிருப்பான். அப்புறம் உன் சிப்பாய்கள் எங்கே போவார்கள்? மருத்துவச்சியைக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டேன். படகு போகும் வரை யாரும் அழக் கூடாது என்றேன். அழவில்லை. ஒப்பாரி இல்லாமல் ஒரு பிள்ளையை இந்த ஊரில் புதைத்ததே கிடையாது. தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு உள்ளே, பெரிய மிரோன் பக்கத்தில் வைத்தோம். எண்ணெய் பட்டவன், அவனை யாரும் வெளியே போடச் சொல்ல முடியாது.

பாதிரியாரைத் திட்டாதே. நான்தான் அவரைச் சத்தியம் செய்ய வைத்தேன்.

படகு போன மறுநாள் அத்தான் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். தொட்டிலைப் பார்த்தார். நான் சொன்னேன். எப்போது என்று கேட்டார். ஐந்தாம் தேதி விடியற்காலை என்றேன். உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் சிரிச்சேன், அர்கிரோ" என்றார். "அன்னிக்கு முழுக்க நான் சிரிச்சிட்டிருந்தேன்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார், விறகு வெட்டுகிறார், என் பக்கம் திரும்புவதில்லை. செய்தது சரி என்று எனக்குத் தெரியும், தம்பி. மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும் தாங்கவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல?

சேதி மலைக்கு எட்டிய மறுநாளே கப்பித்தான் வந்தான். வாசலுக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். இனி நமக்குள் என்ன உறவு என்று கேட்கத் தெரியாமல் நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கதவைச் சாத்துவாரோ, துப்பாக்கியை எடுப்பாரோ என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அத்தான் வெளியே போனார். "உள்ள வா, சிந்தெக்னே" என்றார். இரண்டு பேரும் கல்லறைக்குப் போய்விட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் வாரம் தவறாமல் மலை இறங்கி வருகிறான். முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள், மிரோனைப் பற்றிப் பேசுகிறார்கள், கிடாவைப் பற்றிக் கூடப் பேசுகிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர் அவனிடம் மணிக்கணக்காகப் பேசுகிறார்! இன்றைக்கும் வந்திருக்கிறான். இதை எழுதும்போதே வெளியே அவர்கள் குரல் கேட்கிறது. இரண்டு பேருக்கும் கொண்டைக்கடலை வறுத்த காபி நான்தான் போட வேண்டும்.

நீ பத்திரமாக இரு. நேரில் வராதே, கடிதம் போடு. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
அர்கிரோ